ரெசிடென்ட் இடம் யாருடையது? அமெரிக்காவில் லாப நோக்கு மருத்துவமனைகளும் மருத்துவர் பயிற்சியும்

அமெரிக்காவில் மிக அதிகமான ரெசிடென்சி (பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கான மருத்துவமனைப் பயிற்சி) திட்டங்களை நடத்துவது ஹார்வர்டும் அல்ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸும் அல்ல. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் 1968-ல் தொடங்கப்பட்டு, இன்று பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கும் எச்சிஏ ஹெல்த்கேர் என்ற நிறுவனம். அதன் மருத்துவமனைகளில் 300-க்கும் மேற்பட்ட திட்டங்கள் நடக்கின்றன. 5,000-க்கும் மேற்பட்ட இளம் மருத்துவர்கள் பயிற்சி பெறுகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தத் துறையில் அதன் பெயர் பெரிதாக அடிபட்டதில்லை.

இந்த வளர்ச்சியைப் பற்றி இரண்டு தரப்பு வாதங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பங்குதாரர்களுக்கு லாபம் காட்ட வேண்டிய நிறுவனம் இளம் மருத்துவர்களைக் குறைந்த சம்பளத்தில் உழைக்க வைக்கிறது என்கிறது ஒரு தரப்பு. மருத்துவர்கள் போதாத நாட்டில் யார் பயிற்சி கொடுத்தால் என்ன என்கிறது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அடிப்படையான ஒன்றைத் தாண்டிப் போய்விடுகின்றன. அமெரிக்க விதிகளின்படி ரெசிடென்ட் இடம் நாட்டுக்குச் சொந்தமில்லை, பயிற்சி பெறுபவருக்கும் சொந்தமில்லை. அது மருத்துவமனையின் கணக்கில் நிற்கிறது. நல்லதும் கெட்டதுமாக நடப்பவற்றில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

## அடிப்படை: ரெசிடென்சி என்பது என்ன?

நான்காண்டு மருத்துவக் கல்லூரி முடித்து எம்.டி. அல்லது டி.ஓ. பட்டம் (அங்கே இரண்டும் அடிப்படை மருத்துவப் பட்டங்கள்) வாங்கியவர் அமெரிக்காவில் உடனே தனியாக மருத்துவம் பார்த்துவிட முடியாது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒன்றில், மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில், குறிப்பிட்ட துறையில் வேலை செய்துகொண்டே கற்க வேண்டும். இதுதான் ரெசிடென்சி. பொது மருத்துவத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்கும் 3 ஆண்டுகள், பொது அறுவை சிகிச்சைக்கு 5, நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு 7. அதற்குமேல் உட்பிரிவுகளில் தேர்ச்சி பெற விரும்புவோர் ஃபெல்லோஷிப்புக்குப் போகிறார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 1.6 லட்சம் பேர் இந்தப் பயிற்சியில் இருக்கிறார்கள். அதாவது எச்சிஏ தனி அமைப்பாகப் பெரியதே தவிர, மொத்தத்தில் அதன் பங்கு சில சதவீதம்தான்.

திட்டங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பது ஏசிஜிஎம்இ என்ற தனி அமைப்பு. எத்தனை ஆசிரியர்கள், எத்தனை நோயாளிகள், எவ்வளவு மேற்பார்வை என்றெல்லாம் அது வரையறுக்கிறது. வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 2003-ல் விதித்ததும் அதுவே. அந்த 80 கூட நான்கு வாரச் சராசரிதான். மருத்துவமனையின் உரிமையாளர் யார், லாபம் எங்கே போகிறது என்பதெல்லாம் அதன் அளவுகோலில் இல்லை.

ரெசிடென்ட் மாணவரா, ஊழியரா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மேயோ கிளினிக் தொடர்பான வழக்கில், சமூகப் பாதுகாப்பு வரியைப் பொறுத்தவரை முழு நேர ரெசிடென்ட்டை ஊழியராக நடத்துவது சரியே என்று 2011-ல் தீர்ப்பானது. ஆனால் மற்ற ஊழியர்களைப் போல அவர் சம்பளம் பேசி வேலைக்குச் சேர முடியாது. விண்ணப்பிப்பவர்களின் விருப்பப் பட்டியலையும் திட்டங்களின் விருப்பப் பட்டியலையும் கணினி பொருத்திப் பார்த்து, ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் முடிவைச் சொல்கிறது. ‘மேட்ச்’ எனப்படும் இந்த முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். இது போட்டியை ஒடுக்கிச் சம்பளத்தை அமுக்குகிறது என்று 2002-ல் வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2004-ல், ஓய்வூதிய நிதி தொடர்பான ஒரு சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகி, மேட்ச் முறைக்கு அந்த வகை வழக்குகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. வழக்கு அதோடு முடங்கியது.

## பணம் எங்கிருந்து வருகிறது?

மூத்த குடிமக்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1965-ல் பிறந்தபோதே, மருத்துவர் பயிற்சிச் செலவில் ஒரு பங்கை அது ஏற்கும் என்று முடிவானது. வேறு நிலையான ஏற்பாடு வரும் வரைதான் என்பது அன்றைய எண்ணம். அந்த வேறு ஏற்பாடு இன்றுவரை வரவில்லை. அரசுத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி, 2015-ல் மட்டும் கூட்டாட்சி அமைப்புகளும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட்டை நடத்தும் மாநிலத் துறைகளும் சேர்ந்து இந்தப் பயிற்சிக்கு 1,630 கோடி டாலருக்கு மேல் கொடுத்தன. அதில் பெரும்பங்கு மெடிகேருடையது.

மெடிகேர் பணம் இரண்டு வழிகளில் வருகிறது.

1. நேரடித் தொகை. ரெசிடென்ட் சம்பளம், ஆசிரியர்களின் நேரம், நிர்வாகம் ஆகியவற்றுக்கானது. தலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஓர் அளவு உண்டு. பழைய மருத்துவமனைகளுக்கு அது 1980-களின் நடுப்பகுதிச் செலவை வைத்துக் குறிக்கப்பட்டு, விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படுகிறது. அதை ரெசிடென்ட்களின் எண்ணிக்கையாலும், உள்நோயாளிகளில் மெடிகேர்காரர்களின் பங்காலும் பெருக்குவார்கள்.

2. மறைமுகத் தொகை. பயிற்சி நடக்கும் மருத்துவமனைகளில் பரிசோதனைகள் கூடுதல், நோயாளிகளின் நிலை சிக்கலானது, வேலை மெதுவாக நடக்கும் என்ற அனுமானத்தில், ஒவ்வொரு மெடிகேர் உள்நோயாளிக்கும் கொடுக்கும் கட்டணத்தை ஒரு சூத்திரப்படி உயர்த்திக் கொடுப்பது. படுக்கைக்கு எத்தனை ரெசிடென்ட் என்ற விகிதம் 0.1 கூடினால் கட்டணம் சுமார் 5.5 சதவீதம் கூடும். இரண்டில் பெரிய தொகை இதுதான்.

எந்தத் துறையில் மருத்துவர்கள் குறைவு, எந்த ஊரில் ஆள் இல்லை என்ற கேள்வி இந்தச் சூத்திரங்களில் எங்கும் வருவதில்லை. பணம் மருத்துவமனைக்குப் போகிறது. எந்தத் துறையில் எத்தனை பேரை எடுப்பது என்று மருத்துவமனை தீர்மானிக்கிறது. என் பார்வையில் மொத்த அமைப்பின் ஆதாரக் கோளாறு இதுவே. லாப நோக்கு நிறுவனங்கள் இதை உண்டாக்கவில்லை. தயாராக இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டன.

## 1997-ல் விழுந்த பூட்டு

மருத்துவர்கள் தேவைக்கு மேல் பெருகிவிடுவார்கள் என்று 1990-களில் நிபுணர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில், 1997-ன் பட்ஜெட் சமநிலைச் சட்டம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மெடிகேர் பணம் கொடுக்கும் இடங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. 1996-ல் எத்தனை ரெசிடென்ட் இருந்தார்களோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குமேல் எடுக்கலாம், செலவு மருத்துவமனையின் தலையில்.

விளைவு, நாட்டின் வரைபடம் அந்த ஆண்டிலேயே உறைந்துபோனது. நியூயார்க் போன்ற பழைய வடகிழக்கு மாநிலங்களில் இடங்கள் குவிந்து நின்றன. மக்கள் தொகை வேகமாக வளர்ந்த ஃபுளோரிடாவும் டெக்சஸும் பின்தங்கின. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2021-ம் ஆண்டுக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில்தான் காங்கிரஸ் 1,000 புதிய இடங்களைக் கொடுத்தது; அதுவும் ஆண்டுக்கு 200-க்கு மேல் போகாமல். பிறகு இன்னொரு 200. இந்த 200-ல் குறைந்தது பாதி மனநல மருத்துவத்துக்கு என்று நிபந்தனை.

## விதியிலேயே இருந்த வாசல்

உச்சவரம்பு 1996-ன் எண்ணிக்கையை வைத்தது என்றால், அன்று ரெசிடென்ட்டே இல்லாத மருத்துவமனைக்கு என்ன வரம்பு? பூஜ்யம் என்று சொல்லியிருக்கலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இதுவரை பயிற்சியே கொடுக்காத மருத்துவமனை புதிதாகத் தொடங்கினால், அதற்கு வரம்பை வளர்த்துக்கொள்ள ஒரு கால அவகாசம் உண்டு. முன்பு அது மூன்று ஆண்டு. 2012 அக்டோபருக்குப் பிறகு தொடங்கியவற்றுக்கு ஐந்து. அந்த ஐந்தாண்டில் எத்தனை புதிய திட்டங்களைத் திறந்து வளர்க்கிறதோ, அதை வைத்து வரம்பு நிரந்தரமாகிவிடும்.

இந்த வாசல் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் இதற்குள் நுழையும் நிலையில் இருந்தது யார்? பல்கலைக்கழக மருத்துவமனைகள் பெரும்பாலும் 1996-க்கு முன்பே பயிற்சி கொடுத்தவை. அவற்றின் கதவு மூடிவிட்டது. பயிற்சியே கொடுக்காத நடுத்தர சமூக மருத்துவமனைகளை டஜன் கணக்கில், அதுவும் ஃபுளோரிடா, டெக்சஸ் போன்ற இடங்களில், ஒரே நிர்வாகத்தின் கீழ் வைத்திருந்தவை லாப நோக்குச் சங்கிலிகள். நாட்டின் சமூக மருத்துவமனைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்த வகை. அவகாசம் ஐந்தாண்டுதான் என்பதால், ஆரம்பித்தால் ஒரே மூச்சில் பல துறைகளைத் திறப்பதே லாபம். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துடன் எச்சிஏ சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு இப்படி வளர்ந்ததற்கு நல்ல உதாரணம்: பல்கலைக்கழகத்துக்குப் பெரிய மருத்துவமனை தேவைப்பட்டது, எச்சிஏவுக்குக் கல்விப் பெயர் தேவைப்பட்டது.

இந்த விதியின் நுணுக்கம் சிலரைக் கடித்தும் இருக்கிறது. வேறொரு மருத்துவமனையின் ரெசிடென்ட்கள் ஓரிருவரைச் சில வாரச் சுழற்சிக்கு ஏற்றுக்கொண்ட சிறிய மருத்துவமனைகள், தாங்கள் அறியாமலே அந்தக் கால அவகாசத்தின் கடிகாரத்தை ஓடவிட்டு, மிகக் குறைந்த வரம்பிலும் தலைக்குரிய தொகையிலும் மாட்டிக்கொண்டன. அவற்றைத் திருத்திக்கொள்ள வழி செய்ததும் அதே 2021 ஒதுக்கீட்டுச் சட்டம்தான். வழக்கறிஞர் படையும் ஆலோசகர்களும் உள்ள பெரிய சங்கிலிகள் இந்தப் பொறியில் விழும் வாய்ப்பு குறைவு.

## நிறுவனத்துக்கு இதில் என்ன ஆதாயம்?

அரசுப் பணம் ஒரு பகுதி மட்டுமே. மற்ற ஆதாயங்கள்:

1. உழைப்பு. ரெசிடென்ட்டின் சம்பளம் பொதுவாக ஆண்டுக்கு 60,000 முதல் 80,000 டாலர். இரவிலும் வார இறுதியிலும் வார்டைப் பார்ப்பவர் அவர்தான். அதே வேலையின் ஒரு பகுதியைச் செய்யும் நர்ஸ் பிராக்டிஷனர் (மேல்பயிற்சி பெற்ற செவிலியர்), ஏறத்தாழ பாதி மணி நேரத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்.

2. ஆள் சேர்ப்பு. ரெசிடென்சி முடித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதே மாநிலத்தில் தங்கிவிடுகிறார்கள். மருத்துவர்களைத் தேடிப் பிடிக்கும் செலவு அந்த அளவுக்கு மிச்சம்.

3. பெயர். ‘பயிற்சி மருத்துவமனை’ என்ற தகுதி உள்ளூரில் மதிப்பைக் கூட்டும். சிக்கலான நோயாளிகளை இழுக்கும்.

முதலாண்டு ரெசிடென்ட் வேலையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறார் என்று மருத்துவமனைகள் சொல்வதுண்டு. முதலாண்டைப் பற்றி அது சரி. மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட்டைப் பற்றி அப்படிச் சொல்ல ஆள் கிடைப்பது கடினம்.

இந்த மூன்றும் லாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கும் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும். வித்தியாசம் மிச்சப் பணம் போகும் இடத்திலும் முடிவெடுக்கும் வேகத்திலும் இருக்கிறது.

## பயிற்சி தரமானதா?

உரிமையாளரை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. சமூக மருத்துவமனையில் ஃபெல்லோக்களின் கூட்டம் குறைவு. பல்கலைக்கழக மருத்துவமனையில் ஃபெல்லோ செய்யும் சிகிச்சை முறைகளை இங்கே இரண்டாமாண்டு ரெசிடென்ட்டே செய்யலாம். அன்றாட நோய்களை நிறையப் பார்க்கலாம். குடும்ப மருத்துவராகவோ வார்டு மருத்துவராகவோ போக விரும்புபவருக்கு இது நல்ல களம்.

இடிக்கும் இடங்களும் உண்டு. உறுப்பு மாற்று, அரிய புற்றுநோய், கடுமையான குழந்தை நோய்கள் போன்றவை அங்கே வருவதில்லை. ரெசிடென்ட் வேறு ஊருக்குச் சுழற்சியில் போக வேண்டும். பொது அறுவை சிகிச்சையில் பயிற்சி முடிக்கக் குறைந்தது 850 பெரிய அறுவை சிகிச்சைகள் செய்திருக்க வேண்டும் என்பது விதி; ஒரே வட்டாரத்தில் புதிய திட்டங்கள் பெருகினால் அந்த எண்ணிக்கைக்கே இழுபறி. இன்னொன்று, ஆசிரியரின் நேரம். எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்பதை வைத்தே சம்பளம் தீர்மானமாகும் மூத்த மருத்துவர், நின்று கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தன் கையிலிருந்து கொடுக்கிறார். அவருக்குக் கற்பித்தலுக்கென நேரம் ஒதுக்கப்படுகிறதா என்பதைக் கட்டடமோ பெயர்ப்பலகையோ காட்டாது.

## அவசர சிகிச்சைத் துறை: தேவையை யார் கணக்கிடுவது?

புதிய திட்டங்களின் பெருக்கம் பளிச்சென்று தெரிந்தது இந்தத் துறையில்தான். மருத்துவமனைக்கு அவசர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் நுழையும் முக்கிய வாயில். அங்கே ஆள் நிற்க வைப்பது செலவு பிடிக்கும் வேலை. எனவே அங்கே ரெசிடென்ட்கள் இருப்பது நிர்வாகத்துக்கு வசதி. லாப நோக்கு மருத்துவமனைகள் பல புதிய அவசர சிகிச்சைத் திட்டங்களைத் திறந்தன. அந்தப் பிரிவுகளை ஒப்பந்தத்தில் நடத்திய நிறுவனங்கள் பலவும் தனியார் முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருந்தன. 2018-ல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கிய என்விஷன் ஹெல்த்கேர் அவற்றில் பெரியவற்றுள் ஒன்று. அது 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தது.

இதற்கிடையே 2021-ல், அவசர சிகிச்சை மருத்துவர்களின் தேசியச் சங்கம் முன்னின்று செய்த ஆய்வு, 2030-க்குள் இந்தத் துறையில் சுமார் 7,800 மருத்துவர்கள் தேவைக்கு மேல் இருப்பார்கள் என்று மதிப்பிட்டது. மாணவர்கள் அதைப் படித்தார்கள். 2021 மேட்ச்சில் அவசர சிகிச்சையில் நிரம்பாத இடங்கள் 14. 2022-ல் 219. 2023-ல் சுமார் 3,000 இடங்களில் 554 காலி. 2024-ல் 135 ஆகக் குறைந்தது. பெருந்தொற்றுக் காலக் களைப்பும் இதற்குக் காரணம் என்பதால், முழுப் பழியையும் புதிய திட்டங்களின் மீது போட முடியாது.

ஆனாலும், தேவை இருக்கிறதா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் இடத்தில் யாருமே இல்லை என்பது இங்கே அம்பலமானது. ஏசிஜிஎம்இ தரத்தைப் பார்க்கிறது. நாட்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. மெடிகேர் தலைகளை எண்ணுகிறது. மருத்துவமனை தன் இரவுப் பணி அட்டவணையைப் பார்க்கிறது.

## மருத்துவமனை மூடினால்: ஹானமன் வழக்கு

பிலடெல்ஃபியாவின் ஹானமன் பல்கலைக்கழக மருத்துவமனையை அமெரிக்கன் அகடமிக் ஹெல்த் சிஸ்டம் என்ற நிறுவனம் 2018 ஜனவரியில் டெனெட் என்ற லாப நோக்கு மருத்துவமனைச் சங்கிலியிடமிருந்து வாங்கியது. 2019 ஜூன் 26-ல் மூடப்போவதாக அறிவித்து, சில நாள்களில் திவால் மனு கொடுத்தது. புதிய ரெசிடென்ட்கள் சேரும் ஜூலை முதல் தேதிக்கு ஒரு வாரம்கூட இல்லை. 550-க்கும் மேற்பட்ட ரெசிடென்ட்களும் ஃபெல்லோக்களும் இடம் தேடி அலைந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இவ்வளவு பேர் இப்படி இடம்பெயர்ந்ததில்லை. ஜே-1 விசாவில் வந்த வெளிநாட்டு மருத்துவர்களுக்கு வேறு திட்டம் கிடைக்காவிட்டால் நாட்டை விட்டே போக வேண்டிய நிலை.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையக் கேள்விக்கு நேரடியாக வருகிறது. கடன்காரர்களுக்குப் பணம் திரட்ட, மருத்துவமனையின் ரெசிடென்ட் இடங்கள் ஏலம் விடப்பட்டன. தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகம் தலைமையிலான கூட்டமைப்பு 5.5 கோடி டாலருக்குக் கேட்டது. திவால் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சம்மதித்தது. இடங்கள் சொத்து அல்ல, விற்க முடியாது என்று மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. விற்பனை நிறுத்திவைக்கப்பட்டு, கடைசியில் நடக்கவே இல்லை. ஆனால் ஏலத்துக்கு வந்ததே போதும்: வரி செலுத்துவோர் பணத்தில் நிற்கும் பயிற்சி இடத்துக்குச் சந்தையில் விலை உண்டு என்பது பதிவாகிவிட்டது.

இதோடு காப்பீட்டுச் சிக்கலும் வந்தது. தவறான சிகிச்சைக்கான பல காப்பீடுகள், பாலிசி நடப்பில் இருக்கும்போது வரும் வழக்குகளுக்கு மட்டுமே பணம் கொடுக்கும். பின்னால் வரும் வழக்குகளுக்கு ‘டெயில்’ என்ற தனிக் காப்பீடு வேண்டும். திவாலான ஹானமன் அதை வாங்கித் தராமல் விட, ரெசிடென்ட்கள் மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மருத்துவமனை மூடும்போது யாரை ‘இடம்பெயர்ந்த ரெசிடென்ட்’ எனக் கருதி அவருக்கான பணத்தைப் புதிய இடத்துக்கு அனுப்புவது என்ற விதியை மெடிகேர் நிர்வாகம் பிறகு தளர்த்தியது. 2025-ல் அதே வட்டாரத்தில், பிராஸ்பெக்ட் நிறுவனத்தின் திவாலில் குரோசர்-செஸ்டர் மருத்துவமனை மூடப்பட்டபோதும் ரெசிடென்ட்கள் இடம் மாற வேண்டியிருந்தது.

லாப நோக்கு மட்டும்தான் ஆபத்து என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். 1998-ல் ஹானமனை டெனெட்டின் கைக்குத் தள்ளியது, அலிகெனி என்ற லாப நோக்கற்ற அமைப்பின் மாபெரும் திவால். 2010-ல் மூடிய நியூயார்க்கின் செயின்ட் வின்சென்ட்ஸும் லாப நோக்கற்ற கத்தோலிக்க மருத்துவமனைதான். ஓஹாயோவில் லாப நோக்கற்ற சம்மா ஹெல்த், 2017 புத்தாண்டு நாளில் அவசர சிகிச்சை மருத்துவர் குழுவையே மாற்றி, அதே ஆண்டு அந்தத் துறையின் ரெசிடென்சி அங்கீகாரத்தை இழந்தது. லாப நோக்கு நிறுவனத்திடம் கூடுதலாக இருப்பது வேறு ஆபத்து: கட்டடமும் நிலமும் ஒரு நிறுவனத்தின் பெயரில், மருத்துவமனை நடத்துவது இன்னொன்றின் பெயரில் என்று பிரித்து வைப்பது. ஹானமனில் நகர மையத்து நிலம் திவால் கணக்குக்கு வெளியே நின்றது.

## விண்ணப்பிப்பவர் கேட்க வேண்டியவை

லாப நோக்கா இல்லையா என்பதைவிடக் கீழ்க்கண்டவை கூடுதலாகச் சொல்லும்.

1. திட்டம் எந்த ஆண்டில் தொடங்கியது, எத்தனை பேர் முழுதாக முடித்து வெளியேறியிருக்கிறார்கள், பயிற்சிக்குப் பின் எழுதும் துறை வாரியத் தகுதித் தேர்வில் அவர்களின் தேர்ச்சி எப்படி. முதல் அணி இன்னும் வெளியேறாத திட்டத்தில் சேர்பவர் தெரிந்தே அந்தத் துணிச்சலை எடுக்க வேண்டும்.

2. ஏசிஜிஎம்இ அங்கீகாரத்தின் நிலை: தொடக்க நிலையா, தொடரும் அங்கீகாரமா, எச்சரிக்கையுடனா. இது பொதுவெளியில் பார்க்கக் கிடைக்கும்.

3. ஆசிரியர்கள் மருத்துவமனையின் ஊழியர்களா, வெளி ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்களா. ஒப்பந்தம் மாறினால் ஆசிரியர்கள் ஒரே இரவில் மாறலாம்.

4. முந்தைய ஐந்தாண்டில் மருத்துவமனை கைமாறியதா. நிலம் தனியாக விற்கப்பட்டு வாடகைக்கு எடுக்கப்பட்டதா.

5. மருத்துவமனை மூடினால் டெயில் காப்பீட்டை யார் கட்டுவது. நேர்காணலில் வாய்மொழியாகக் கிடைக்கும் உறுதி இங்கே உதவாது. ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டு, கையெழுத்திடும் முன் படித்துவிட வேண்டும்.